ஒல்லி எழுத்தில் ஒரு நாய்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கு நான் சுகம். நீ சுகமென்று உன் அப்பன் நாள் தவறாமல் போனில் சொல்லிவிடுவதால், அதைக் கேட்டு மையை வீணாக்கவில்லை. நேராகச் சண்டைக்கு வருகிறேன்.

ரிட்டையரான பிறகு இந்த உலகத்திடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று, மத்தியானத் தூக்கம். கண் சொக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் ஃபில்டர் விற்கிறவரும் இன்ஷூரன்ஸ்காரரும் மணியடிக்கிறார்கள் என்றுதானே, இல்லாத நாய்க்கு உன்னிடம் ஒரு போர்டு கேட்டேன்? கேட் தூணோ ஒரு சாண் அகலம். "கவலைய விடுங்க பெரியப்பா, நான் வரைஞ்ச ஃபான்ட் இருக்கு. ஒல்லியா, உயரமா, பேனாவால இழுத்த மாதிரி இருக்கும். குறுகலான எடத்துலயும் நீள வார்த்தை நிக்கும். ரெண்டு மூணு வார்த்தைய பெருசா போடத்தான் அது" என்றாய். 'நாய்கள் ஜாக்கிரதை' அச்சாக அடங்கியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தாயே, அந்த 'ஜா' இடுப்பை ஒடித்து நிற்கிற ஒயிலைப் பார்த்தால் கடிக்கும் என்றா தோன்றுகிறது? வாங்க, உட்காருங்க, காபியா டீயா என்றல்லவா கேட்கிறது!

மாட்டிய அன்றே பார்சல்காரர் மணியடித்தார். பார்சல் எதுவும் இல்லை. "சார், தங்கச்சி கல்யாணப் பத்திரிகைக்கு இந்த எழுத்துதான் வேணும், எங்க செஞ்சீங்க?" மறுநாள் தூரத்திலிருந்து போர்டைப் பார்த்த ஓர் அம்மாள், "பாட்டு கிளாஸ் இங்கதானே?" என்று மகளோடு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்துவிட்டார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த வீட்டு நர்ஸம்மாதான் என்னைக் கவிழ்த்தார். "போர்டே இவ்வளவு அழகுன்னா நாய் எப்படி இருக்கும்! கொஞ்சம் காட்டுங்க." தூங்குது என்றேன். அடுத்த நாள் கிண்ணத்தில் பால்சோறோடு வந்தார். குளிக்குது என்றேன். அதற்கடுத்த நாள், ஊசி போடப் போயிருக்கு என்றேன். யாரோடு என்று கேட்டார், இந்த வீட்டில் இருப்பதே நான் ஒருவன்தானே. ஒரு பொய்க்கு ஒன்பது பொய், மானம் கப்பலேறப் போகிறது. தினம் நாலு மணிக்கு வருகிறார், நானும் வெட்கமில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். பால்சோற்றை யார் சாப்பிடுகிறார் என்று கேட்காதே.

ஆகையால் தடித்தடியாக, சிவப்பாக, அழகென்பதே இல்லாத எழுத்தில் வேறு போர்டு உடனே அனுப்பு. உன் எழுத்து நெடுநெடுவென்று ஓங்கட்டும். நீ மட்டும் அதைப்போல மெலிந்துவிடாமல் வேளைக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
பெரியப்பா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நர்ஸம்மா வந்து என் மடியில் ஒரு நாய்க்குட்டியை வைத்துவிட்டார். "உங்க வீட்டுல நாய் இல்லன்னு மொத நாளே தெரியும், ஒரு குரைப்பு கேக்கலையே! போர்டு வீணாப் போகக் கூடாதுல்ல?" என்கிறார். எனவே சிவப்பு போர்டு வேண்டாம். இதன் பெயரை அதே ஒல்லி எழுத்தில் எழுதி அனுப்பு. பெயரை நாங்கள் இருவரும் இன்னும் யோசிக்கிறோம். தினம் நாலு மணிக்கு யோசிப்பதாக ஏற்பாடு, அவசரமில்லை.