சுவருக்குள்ளிருந்து நீண்ட வலது கை

எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் அதிலிருந்து ஒரு சுரங்கப்பாதை புறப்பட்டு எங்கேயோ போகிறது என்று நம்புகிற ரகம் நான். கோயிலோ கோட்டையோ இடிந்த சத்திரமோ, உள்ளே நுழைந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "சுரங்கம் எந்தப் பக்கம்?" என்பதுதான். அந்த நம்பிக்கை முற்றிப்போய், அகரம்தென் பக்கம் ஒரு பண்ணை வீட்டுச் சுவரில் இருந்த ஓட்டை நேராக மாமல்லபுரம் போகிறது என்று முடிவு கட்டினேன். அப்போது எனக்குக் குரோம்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை. ஊராரின் பார்வையைச் சரிசெய்வதுதான் தொழில். (இதை நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அதனால் முந்திக்கொள்கிறேன்.)

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்த கதை. கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டினாலே வயல்களில் நாற்றுக்குப் பதிலாகக் கலர் கொடிகள் முளைத்திருந்த காலம். மனைப் பிரிவுக்காரர்கள் வெள்ளைக் கல் நட்டுக்கொண்டே போனார்கள். அந்தக் கொடிகளுக்கு நடுவில் அந்த ஒரு வீடு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. முழுக்கக் கருங்கல். பின்னால் நீளமாக ஒரு மாட்டுக் கொட்டகை, கிணற்றடியில் பம்புசெட் அறை, வைக்கோல் போடும் கூடம். மூலையில் ஜன்னலும் இல்லாமல் கதவும் இல்லாமல் ஒரு கல் அறை.

வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். மாட்டுக் கொட்டகையைப் பார்த்த மாத்திரத்தில் என் மனைவி கோமதியின் கண் விரிந்தது. அவள் முறுக்கு, தட்டை, அதிரசம் செய்து கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாடகை வீட்டின் மாடியில் இருந்த ஓனரம்மாவோ, எண்ணெய்ப் புகை வருகிறது என்று தினமும் படியிறங்கி வந்து இருமிவிட்டுப் போவார். (மேலே இருக்கும்போது இருமல் வராது.) "இங்க ஆறு அடுப்பு போடலாங்க" என்றாள் கோமதி. அவள் குரலில் அப்படி ஒரு ஆசையை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை.

எனக்குக் கண் விரிந்தது அந்தக் கதவில்லாத கல் அறையைப் பார்த்து. அதன் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு ஓட்டை. கை நுழையும்; தலை நுழையாது. குனிந்து முகத்தை வைத்தேன். ஜில்லென்று காற்று. "ஓ" என்றேன். உள்ளேயிருந்தும் "ஓ" என்றது. நிமிர்ந்து சூரியனைப் பார்த்துத் திசை கணித்தேன். தென்கிழக்கு. மாமல்லபுரம்!

"இது எங்க போகுது பாய்?" என்று, ரொம்ப சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

வீட்டுக்காரர் யூசுப் பாய் பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்பவர். சிரிக்காமல் சிரிக்க வைக்கிற மனுஷன். "எங்க போவும்? நேரா வவுத்துக்குத்தான் போவுது சார்" என்றார்.

மறைக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

பாய் விலையை ஏற்றவில்லை. ஒரு நிபந்தனைதான் வைத்தார். "எங்க அத்தாவோட அத்தா, மலையில கல்லு வெட்டி மாட்டு வண்டியில கொண்டாந்து கட்டுன வூடு இது. என் தம்பிங்க ப்ரொமோட்டருக்குக் குடுத்துடலாம்னு உசிர வாங்கறானுங்க. அவன் ஒரே நாள்ல இடிச்சுப் போட்டுருவான். நீங்க இடிக்க மாட்டேன்னா உங்களுக்குத் தரேன்."

நான் நெஞ்சில் கை வைத்தேன். "பாய், ஒரு கல்லைக்கூட அசைக்க மாட்டேன்."

(நெஞ்சில் கை வைத்திருக்க வேண்டாம். இப்போது தோன்றுகிறது.)

அட்வான்ஸ் கொடுக்க வெள்ளிக்கிழமை குறித்தோம். அங்கேதான் சிக்கல். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அந்த நேரத்தில் கோமதி பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க மாட்டாள். பன்னிரண்டுக்கு மேல் பாய்க்கு ஜும்மா தொழுகை. "தொழுதுட்டு வெளிய வந்தா பள்ளிவாசல் கேட்டாண்டயே அந்த ப்ரொமோட்டர் நிப்பான், பக்கத்துல என் ரெண்டு தம்பிங்களும் நிப்பானுங்க. அதுக்குள்ள உங்க அட்வான்ஸ் என் கையில இருந்தா நான் வாயத் தொறப்பேன். இல்லன்னா அவனுங்க தொறப்பானுங்க" என்று பாய் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆக, பத்தரைக்குள் முடித்தாக வேண்டும்.

ஒன்பதரைக்கே போய்விட்டோம். கோமதியும் அவள் தம்பி சேகரும் முற்றத்தில் தாம்பாளம் வைத்து வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் அடுக்கினார்கள். பாய் இன்னும் வரவில்லை. அட்வான்ஸ் பணம் என் சட்டைப் பையில். கால்சட்டைப் பையில் டார்ச் லைட்.

"எங்கயும் போயிடாதீங்க" என்றாள் கோமதி.

"நான் எங்கடி போகப்போறேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

என் தர்க்கம் இதுதான்: சுரங்கம் பக்கத்து வயலுக்கடியில் போனால் அது யாருக்குச் சொந்தம்? கடல் வரை போனால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா? இதெல்லாம் தெரியாமல் ஒருவன் எப்படி அட்வான்ஸ் கொடுப்பான்? கல் அறைக்குப் பின்னால் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. ஏறினேன். அறையின் மேல் தளம் வெறும் மரப் பலகை. நடுவில் ஒரு மூடி. மூடியைத் திறக்க ஒரு கால், அதைத் தாங்க இன்னொரு கால் என்று பலகைமேல் வைத்தேன். கரையான் தின்று முடித்துவிட்டு வெறும் தோலை மட்டும் விட்டு வைத்திருந்த பலகை அது.

அடுத்த கணம் நான் சுரங்கத்தில் இருந்தேன். என்மேல் பலகை, பலகைமேல் தூசி. கீழே கெண்டைக்கால் அளவு உமியும் பழைய பதரும் கிடந்ததால் எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் சுணை இருக்கிறதே, அது சட்டைக்குள் புகுந்து முதுகில் குடும்பம் நடத்தியது. டார்ச்சைக் காணோம். சுற்றித் தடவினேன். நாலு பக்கமும் கல். படிக்கட்டு இல்லை. பாதை இல்லை. மாமல்லபுரம் இல்லை.

கத்தலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். ஏன் தெரியுமா? கத்தினால் நான் சுரங்கத்தைக் கண்டுபிடித்தது பாய்க்குத் தெரிந்துவிடும்! (உமிக்கு அடியில் வாசல் இருக்கலாம் என்று அப்போதும் ஒரு நப்பாசை.) நாய் மாதிரி இரண்டு கையாலும் உமியைத் தோண்டினேன். தரை வந்தது. அதுவும் கல்.

அதற்குப் பிறகு கத்தினேன். ஓட்டையில் வாயை வைத்து, "கோமதீ!" என்றேன்.

வெளியே தாம்பாளம் விழுகிற சத்தம். "டேய் சேகர், செவுரு என் பேரச் சொல்லுதுடா!"

"நான்தான்டி!"

சேகரின் ஒற்றைக் கண் ஓட்டையில் தெரிந்தது. "மாமா? உள்ள எப்படி மாமா போனீங்க?"

"அது அப்புறம். ஏணி வெச்சுத் தூக்கு."

"மேல காலு வெச்சா மிச்சப் பலகையும் உங்க தலையிலதான் மாமா வரும்."

அதற்குள் பாயும் வந்துவிட்டார். ஓட்டைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "இன்னா சார், நெல்லு கொட்டுற ரூமுக்குள்ள இன்னா பண்றீங்க? மேலேர்ந்து கொட்டுவோம், கீழ இந்த ஓட்டையில வாரிப்போம். நெல்லுதான் இப்படி வரும். ஆளு வர மாட்டாரு."

"நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாய்!"

"சொன்னனே சார். நேரா வவுத்துக்குப் போவுதுன்னு."

கோமதி கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் அழுகிற குரல் எனக்குக் கேட்டது. "பத்து இருபதாச்சு. பணம் அவர் பாக்கெட்ல இருக்கே பாய். எல்லாம் போச்சு."

ஆறு அடுப்பும் அவள் கண்முன்னால் ஒவ்வொன்றாக அணைவது எனக்குச் சுவருக்கு உள்ளிருந்தே தெரிந்தது. அந்த நிமிடம் என் சுரங்க புத்தி எல்லாம் அடங்கிப்போனது. பணத்தை எடுத்தேன், கையை ஓட்டையில் விட்டு முழங்கை வரை நீட்டினேன். "வாங்கிக்குங்க பாய்!"

"ஐயோ, இடது கை!" என்று கோமதி அலறினாள். "வலது கையால குடுங்க!"

கையை இழுத்து, உமிக்குள் முழு உடம்பையும் திருப்பிப் படுத்து, வலது கையை நீட்டினேன். பாய் பிஸ்மில்லா சொல்லி வாங்கிக்கொண்டார். தாம்பாளம் ஓட்டையில் நுழையாது என்பதால் வெற்றிலையைச் சுருட்டி, நடுவில் பாக்கு வைத்து என் கையில் திணித்தார்கள். பாய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு போனை எடுத்து ப்ரொமோட்டரிடம் பேசினார். "வூடு குடுத்தாச்சுப்பா. ஆமா, பார்ட்டி இங்கதான் கீறாரு. இல்ல, இப்ப பேச முடியாது. உள்ள கீறாரு."

போனை வைத்துவிட்டு மறுபடி குந்தினார். "சார், இனிமே நம்ம வாக்குல இது உங்க வூடு. செவுத்த இடிச்சாதான் நீங்க வெளிய வர முடியும். நீங்கதான் சொல்லணும். இடிக்கலாமா, வேணாமா?"

"இடிங்க பாய்! இடிங்க!"

"ஒரு கல்லக்கூட அசைக்க மாட்டேன்னீங்களே."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுங்க பாய்."

"ஒண்ணு எடுத்தா உங்க தல வரும். வவுறு வரணும்னா நெறையா எடுக்கணும்."

சேகர் கடப்பாரையைச் சுவரில் போட்டான். ராகு காலம் தொடங்கி வெகுநேரம் கழித்து, புருவம் வரை உமி ஒட்டிய நான் தவழ்ந்து வெளியே வந்தேன். கோமதி அழுகையை நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூக்குக் கண்ணாடி எங்கே?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே இருந்தது. இன்னும் இருக்கலாம்.

பாய் ஜும்மாவுக்குக் கிளம்பும் முன், எடுத்த கற்களை ஓரமாக அடுக்கச் சொன்னார். அவற்றையே பிறகு அந்த இடத்துக்கு வாசற்படியாகப் போட்டோம். கொட்டகையில் ஆறு அடுப்பு எரிகிறது. கல் அறையில் முறுக்கு டின்கள் இருக்கின்றன. பாய் பண்டிகைக்கு வரும்போதெல்லாம் அந்தப் படியில் உட்கார்ந்து தட்டை சாப்பிடுவார். சேகரிடம் யாராவது "மாமா இருக்காரா?" என்று கேட்டால், நான் பாத்ரூமில் இருந்தாலும் சரி, கடையில் இருந்தாலும் சரி, "மாமா மாமல்லபுரம் போயிருக்காரு" என்பான். உறவுக்காரர்களுக்கெல்லாம் அர்த்தம் தெரியும்.

அங்கே சுரங்கம் எதுவும் இல்லை. அது நெல் கொட்டி வைக்கும் அறை. அதற்குக் கதவு இல்லை, நான் உள்ளே விழுந்தேன், அதனால் இப்போது கதவு இருக்கிறது.