இயக்குநர் விட்ட மூச்சு

ஆஸ்துமாவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது என்று பெரிய ஆஸ்பத்திரி தீர்மானித்தது. தப்பில்லை, கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? அந்தப் பார்க்கும் வேலையில்தான் வில்லங்கம்.

பஸ் கண்டக்டர் ஒருவர் ஆய்வில் சேர்ந்தார். விசில் ஊதினால் பாதியிலேயே இழுப்பு வந்துவிடும் மனுஷன். ஊத முடியாத கண்டக்டரை டிப்போவில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் அவருக்கு.

"உங்க கொழுப்பு வாயிலதானே இருக்கு! ரத்தத்துல தேடி என்ன பண்ணப் போறாங்க?" என்றாள் மனைவி. அவளுக்குக் கணீர்க் குரல். வீட்டுக்குள் பேசினால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

சேர்ந்த அன்றே ஆய்வு டாக்டர், "ஆய்வின் தூய்மை கருதி" கண்டக்டரின் இன்ஹேலரை வாங்கி அலமாரியில் பூட்டினார்.

"மூச்சு முட்டினா, சார்?"

"குறிச்சுக்குவோம்."

மூச்சை அளக்கப் புது எந்திரம் வந்திருந்தது. குழாயில் ஊதினால் முள் ஏறும். ஆனால் ஆஸ்பத்திரி இயக்குநர் தம் திருவாயால் முதலில் ஊதித் திறந்து வைக்கும் வரை வேறு எவரும் ஊதலாகாது என்று உத்தரவு. எந்திரம் ரிப்பன் கட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தது. சும்மா இருப்பானேன் என்று ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு மளமளவென்று இறங்கியிருந்தது.

"பிரமாதம்! நல்லா குணம் தெரியுது," என்றார் டாக்டர்.

"உட்கார்ந்துக்கிட்டேதான் தூங்கறேன், சார்."

"தூங்கறீங்கல்ல? அதுவும் முன்னேற்றந்தான்."

விழா நாளும் வந்தது. லிப்ட் பழுது. மூன்று மாடி ஏறி வந்த களைப்பு, போதாக்குறைக்குப் பல வருஷத்துச் சிகரெட். இயக்குநர் முக்கி முக்கி ஊதினார். முள் லேசாக அசைந்து, போதும் என்று உட்கார்ந்துவிட்டது. இயக்குநருக்கே மூச்சு சரியில்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம்? அடுத்து, குணமான நோயாளி என்று கண்டக்டரை ஊதச் சொன்னார்கள். முள் அதே இடத்துக்கு வந்து நின்றது.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "பாருங்கள்! நோயாளியின் மூச்சு, மதிப்பிற்குரிய இயக்குநரின் மூச்சுக்குச் சமமாகிவிட்டது. இனி இதுவே நார்மல்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"அப்போ என் இன்ஹேலரைக் குடுத்துடுங்க, சார்," என்றார் கண்டக்டர்.

"நார்மலான ஆளுக்கு எதுக்குய்யா இன்ஹேலர்?"

கூட வந்திருந்த மனைவிக்கு வந்ததே கோபம்! "என்னய்யா கூத்து இது? இப்ப நான் ஊதறேன், பாருங்க!" என்று குழாயைப் பிடுங்கி ஊதினாள். முள் கடைசிவரை ஓடி முட்டியது.

டாக்டர் குனிந்து முள்ளைப் பார்த்தார். "ஐயோ, இந்தம்மாவுக்கு மூச்சு அளவு மீறிப் போயிருக்கே! உடனே வார்டுல சேருங்க. மாத்திரையை ஆரம்பிங்க!"

அதற்கப்புறம் ஊதிய டாக்டர்கள், நர்ஸுகள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். சூடான டீயை ஆற்றுகிற மாதிரி மெல்ல ஊதினார்கள். எல்லோரும் நார்மல். அப்படியே அளவாக மூச்சு விடுவதுதான் மரியாதை என்றும் ஆகிவிட்டது.

கீழே மருந்துக் கடையில் இன்ஹேலர் வாங்கக் கிளம்பிய கண்டக்டருக்குப் படியிலேயே இழுப்பு வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தடவினார். விசில்தான் அகப்பட்டது. ஊதினார், வெறும் காற்றுதான் வந்தது. கூட இறங்கியவர்கள் பதறிப்போய் "டாக்டர், டாக்டர்" என்று கூப்பிட்டார்கள், நார்மலாக. மேல்படியில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் வாய்விட்டுக் கத்தி ஆளைக் கூப்பிடும் அளவுக்கு மூச்சுள்ளவள் கண்டக்டரின் மனைவி ஒருத்திதான். அவளுக்கு மேல்மாடி வார்டில் இரண்டாவது மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.