சுவரை மீறிய ரயில்

எஞ்சினும் மூன்று பெட்டிகளும் எழுதியதோடு சுவர் தீர்ந்துவிட்டது. தாளில் இன்னும் நான்கு வரிகள் பாக்கி.

போர்டு எழுதுகிறவர் ஏணியில் நின்றபடி தாளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். நூலகத்தின் குழந்தைகள் அறைக்குக் கவிஞர் கொடுத்தனுப்பிய உருவக் கவிதை அது. எழுத்துகளையே வளைத்து ரயிலாக்க வேண்டும். முதல் வரி எஞ்சின், அப்புறம் வரிக்கு ஒரு பெட்டி.

ஊதிக்கொண்டே வரும் ரயில்
ஊருக்குள்ளே வரும் ரயில்
ஆளையெல்லாம் விழுங்கும் ரயில்
அடுத்த ஊரில் துப்பும் ரயில்

இதுவரைக்கும் ஜோராகத்தான் வந்திருந்தது. புள்ளிகளையெல்லாம் புகையாகப் பறக்கவிட்டிருந்தார்.

"மேடம், சுவர் பத்தலை. கடைசி நாலு வரியை விட்டுரலாமா?"

நூலகர் ஏணியடிக்கு ஓடி வந்தார். "பல் டாக்டர் போர்டுல ஒரு எழுத்தை முழுங்கினீங்களே, அந்த மாதிரியா? இங்க ஒரு எழுத்து குறைஞ்சாலும் மத்த மூணு சுவரும் வேற ஆளுக்குப் போயிரும். நாளைக்குக் காலைல கவிஞரே வர்றாங்க."

அந்த மூன்று சுவர்களை நம்பித்தான் போர்டுக்காரர் வீட்டில் மழைக்காலத்தை ஓட்டுவதாக இருந்தார்கள். அவர் ஏணியை நகர்த்தினார்.

அடுத்த வரி, 'ஜன்னலை மறைக்க வேண்டாம்.' பக்கத்தில் இருந்ததோ ஜன்னல். வேறு வழியில்லாமல் கண்ணாடி மேலேயே எழுதினார். அறை இருண்டுபோய், பட்டப்பகலில் விளக்குப் போட்டார்கள்.

'கதவைத் தொட வேண்டாம்' என்ற வரிக்குக் கதவில்தான் இடம் கிடைத்தது. பெட்டி அழகாகவே வந்தது. யாரோ கதவைத் திறக்க, அது ரயிலிலிருந்து கழன்று வராந்தாப் பக்கம் போய்விட்டது.

"கதவைத் திறந்தா ரயில் அறுந்துபோகுதே மேடம்."

"திறந்தாத்தானே?" என்று நூலகர் தாழ்ப்பாள் போட்டார். அதற்கப்புறம் எல்லோரும் சாமான் அறை வழியாக, உடைந்த நாற்காலிகளைத் தாண்டித்தான் போய்வர வேண்டியிருந்தது.

வராந்தாவில் இடம் தாராளமாக இருந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்தது. 'சின்னச் சக்கரம் போதும்' என்ற வரிக்கு ஆளுயரச் சக்கரம் போட்டார். அதிலேயே மஞ்சள் பெயின்ட் காலி. கடைசி வரியான 'மஞ்சள் போதும், சிவப்பு வேண்டாம்' சிவப்பில் ஓடி, கழிப்பறை வாசலில் போய் நின்றது.

"மேடம், தாள்ல எழுதியிருக்கறதுக்கும் நான் எழுதினதுக்கும் ஏதோ இடிக்குதே."

"அதுக்குப் பேர்தாங்க உருவக் கவிதை. எழுத்து நிக்கிற இடமும் கவிதைதான். உங்களுக்குப் புரியாது, விடுங்க."

அவருக்குப் புரியவில்லைதான். ஆனால் ஒரு எழுத்துகூட விட்டுப்போகவில்லை என்பதில் மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை குழந்தைகள் ரயிலோடு சேர்ந்து ஓடிக்கொண்டே உரக்கப் படித்தார்கள். முதல் நான்கு வரிகளைச் சமர்த்தாகப் படித்தவர்கள், ஜன்னலுக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கதவுக்கு வந்தபோது இரண்டு வாண்டுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டன.

கவிஞர் கழிப்பறை வாசல் வரைக்கும் நடந்து வந்தார்.

நூலகர் போர்டுக்காரர் காதருகே வந்து, "மத்த மூணு சுவரும் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, கவிஞரிடம் பூரித்துப்போய்ப் பேசினார். "கதவு மேலயே 'தொட வேண்டாம்', சிவப்புலயே 'சிவப்பு வேண்டாம்'. இதெல்லாம் எப்படித்தான் உங்களுக்குத் தோணுச்சு?"

கவிஞர் சிவப்பு எழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"என் கவிதை நாலாவது வரியோட முடிஞ்சிருச்சுங்க. அதுக்குக் கீழே இருந்தது, எப்படி எழுதணும்னு பெயின்டருக்கு நான் எழுதின குறிப்பு."