நனையாத இலை

தாரணி, சஞ்சய், இரண்டு பேரும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அப்பனுக்குக் கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டான். ஒரு தடவை கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் முகூர்த்த நாட்களில் அவன் வீட்டில் இருப்பதில்லை.

இந்தக் கதையை உங்கள் அம்மா ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவள் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் வயிறு எரிகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி உங்கள் அப்பன் நானே எழுதிவைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் தாரணி திருத்திக்கொள்ளட்டும் (சிரிக்காமல்).

கல்யாணச் சமையல் குழுவில் பரிமாறும் ஆட்களுக்கு நான்தான் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அந்தியூர், நாளை மறுநாள் வெள்ளகோவில் என்று வேனிலேயே பாதி வாழ்க்கை போய்விட்டது. அப்போது தாரணிக்கு எட்டு வயது. அவள் பிறந்த நாள் வருகிற மாதத்தில் முகூர்த்தமாகக் கொட்டிக் கிடக்கும். ஒரு நாள் காலண்டர் முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்:

“அப்பா, முகூர்த்தம்னு போட்டிருக்கற தாளையெல்லாம் கிழிச்சுப்போடட்டுங்களா? அப்ப நீங்க ஊட்டுல இருப்பீங்கல்ல?”

அந்தச் சமயத்தில்தான் நிவாஸ் வந்தான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட உட்கார்ந்த பையன் சாப்பிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்தி முடிந்ததும் பின்னாலேயே வந்தான்.

“ஏனுங்ணா, உங்க கை எங்களுக்கு வேணுமுங்ணா.”

(எனக்குப் பகீரென்றது. யாரிடமும் சண்டை போட்ட ஞாபகம் இல்லை.)

பிறகு விவரமாகச் சொன்னான். சரவணம்பட்டியில் அவனுக்கு ஒரு கம்பெனி. அங்கே ஒரு விளையாட்டு தயாராகிறது. இன்னும் இருநூறு வருஷம் கழித்து மனிதர்கள் வானத்தில் ஒரு ஊர் கட்டிக் குடியிருக்கிறார்களாம். முகத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டால் நாமும் அந்த ஊருக்குள் நடமாடலாமாம். அங்கே ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம், வாழை இலைச் சாப்பாடு.

“எல, சோறு, வாளி, டம்ளர் எல்லாமே நெசமாட்டவே இருக்கோணுமுங்ணா. பரிமாறற கையும் நெசமா இருக்கோணும்.”

காலையில் போனால் சாயங்காலம் வீடு. ஞாயிறு லீவு. பெங்களூரிலிருந்து பணம் போடுகிறவர் வந்து பார்த்து, பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். உங்கள் அம்மாவிடம் சொல்வதற்கு முன்பே தாரணியிடம் சொல்லிவிட்டேன், “இந்தப் பொறந்த நாளுக்கு அப்பா ஊட்டுலதான் கண்ணு” என்று.

ஒயர் தொங்கும் கையுறை ஒன்றை மாட்டிவிட்டார்கள். இருபது நாள், வெறும் வாளியிலிருந்து வெறும் கரண்டியால் வெறும் மேசையில் பரிமாறினேன். (இதை நம் தெருவில் செய்திருந்தால் கட்டிப்போட்டிருப்பார்கள். அங்கே டீ வாங்கிக் கொடுத்தார்கள்.) கையில் இருக்கும் ரேகை, மோதிர விரலில் ரசம் கொட்டிய தழும்பு, எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள். பிறகு என் முகத்தில் பெட்டியை மாட்டி, கூடத்தைக் காட்டினார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது எரிச்சல்.

சாம்பார் வாளிக்குக் கனமே இல்லை. சாம்பாரை ஊற்றினால் சோறு குடிக்கவில்லை, கண்ணாடிபோல மேலேயே நின்றது. சோற்றை எவ்வளவு அள்ளினாலும் குவியல் அப்படியே இருந்தது.

“கொறையவே கொறையாதுங்ணா” என்றான் நிவாஸ் பெருமையாக. “அந்த ஊர்ல பஞ்சமே கெடையாது.”

“அப்புறம் எப்புடித் தம்பி சாப்பிட்டு முடிச்சு எலைய மடிக்கறது?”

“மடிக்க வேண்டீதே இல்லீங்ணா!”

வயிறு நிறையாது, சோறு குறையாது, இலையை மடிக்க வேண்டாம். இதற்குப் பெயர் சாப்பாடா? தண்டனை!

அடுத்தது ‘போதுங்க’. நம் பக்கத்து ஆட்கள் வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல மாட்டார்கள். ஒரு கையை நீட்டி முதல் தடவை ‘போதுங்க’ என்றால் இன்னும் கொஞ்சம் வைக்கலாம் என்று அர்த்தம். இரண்டு கையும் வந்து, உடம்பே இலைமேல் கவிழ்ந்தால்தான் நிறுத்த வேண்டும். இது தெரியாதவன் வாளியைத் தொடக்கூடாது. அந்த விளையாட்டில் என் கை என்ன செய்தது தெரியுமா? சாப்பிடுகிறவன் கையை ஊடுருவிக்கொண்டு போய்ச் சாம்பார் ஊற்றியது!

“கைக்குள்ள பூந்து ஊத்துது தம்பி!”

“அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாமுங்ணா.”

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். டம்ளர் நிறையத் தண்ணீர் தெரிகிறது. கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீரைத் தெறிக்கவைத்தால் கம்ப்யூட்டர் தாங்காதாம். “தம்பி, எலைக்குத் தண்ணி தெளிச்சுத் தொடைக்காம ஒரு பருக்கை வெக்கக்கூடாது” என்று ஐந்து தடவை சொன்னேன். ஐந்து தடவையும் “சரிங்ணா” என்றான். (நம் ஊர் ‘சரிங்க’ இருக்கிறதே, செய்வேன் என்பதற்கும் அதுதான், செய்ய மாட்டேன் என்பதற்கும் அதுதான். நானே ஆயிரம் பேரிடம் அப்படிச் சொன்னவன். அதே வார்த்தையில் நானே ஏமாந்தேன்.)

பெங்களூர்க்காரர் வரும் நாள் வந்தது. கிளம்பும்போது உங்கள் அம்மா சொன்னாள்:

“ஏனுங்க, அங்கயும் போயி ஊட்டுலயாட்டம் கோவப்பட்டுப்போடாதீங்க. பொறந்த நாளு ஞாபகம் இருக்கட்டும்.”

“எனக்கு எங்க கோவம் வருது?” என்று கோபமாகக் கேட்டுவிட்டுக் கிளம்பினேன். மாதிரி காட்டுவதற்கென்று பையில் ஒரு நுனி இலையும் எடுத்துப்போனேன். யாரும் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

வந்தவர் அவினாசிப் பக்கம் பிறந்தவராம். சந்தன நிற பேன்ட், தங்கமான சிரிப்பு. மேசைக்கு முன்னால் உட்காரவைத்து அவருக்கு ஒரு பெட்டி, எதிரே நின்ற எனக்கு ஒரு பெட்டி, கையில் அதே கையுறை. அதே மேசையில்தான் எல்லாவற்றையும் ஓட்டும் லேப்டாப். நிவாஸ் என் காதில் சொன்னான்: “சோறு மட்டும் போடுங்ணா. வேற ஒண்ணுமே செய்ய வேண்டாமுங்ணா.”

வானத்து ஊர் விரிந்தது. ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரம். அவர் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் இலை. காய்ந்த இலை!

நான் கரண்டியை எடுத்தேன். அவரோ வலது கையைக் குழித்து இலைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு காத்திருந்தார். தண்ணீருக்கு! பிறந்த நாள் முதல் பழகிய கை, அது இருநூறு வருஷத்தைக் கண்டதா, வானத்தைக் கண்டதா? இலையைப் பார்த்ததும் தானாகக் குழிந்துவிட்டது.

விருந்தாளி கையேந்திக் காத்திருக்கிறார், தண்ணீர் இல்லை. இதைவிடக் கேவலம் ஒரு பந்தியில் உண்டா? டம்ளரைக் கவிழ்த்தேன். வரவில்லை. உதறினேன். வரவில்லை. இத்தனை நாள் எரிச்சலும் ஒன்றாகத் தலைக்கு ஏறியது.

அப்போது ஞாபகம் வந்தது. பெட்டி மாட்டுவதற்கு முன்னால் நான் குடித்துவிட்டு, மூடாமல் இடது பக்கம் வைத்த பாட்டில். வானத்து ஊரில் அந்த இடத்தில் ஒரு தூண் நின்றது. தூணுக்குள் கையை விட்டேன். பாட்டில் அகப்பட்டது. (அந்த ஊரில் பாட்டில் தெரியாது, என் முஷ்டி மட்டும்தான் தெரியும்.) கவிழ்த்தேன்.

“அட! அட! சில்லுனு இருக்குதுங்களே!” அவர் துள்ளினார். “நிவாஸ், இதை எப்புடிங்க பண்ணுனீங்க? ஈரம் தெரியுதுங்க!”

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! பார்த்தாயா நிவாஸ், நான் சொன்னேனா இல்லையா என்று நினைத்துக்கொண்டே, இலை முழுக்கத் தாராளமாகத் தெளித்து, உள்ளங்கையால் ஒரு வழி வழித்துவிட்டேன், எல்லா இலையையும் துடைக்கிற மாதிரியே.

“அண்ணா! அண்ணா! ஐயோ!” என்று நிவாஸ் கத்தினான். வானத்து ஊர் பட்டென்று இருண்டது.

பெட்டியைக் கழற்றினேன். நான் வழித்தது லேப்டாப்பை. தண்ணீர் அதிலிருந்து வழிந்து, சந்தன நிற பேன்ட்டில், எந்த இடம் நனையக்கூடாதோ சரியாக அந்த இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவரும் பெட்டியைக் கழற்றினார். பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு “பரவால்லீங்க” என்றார். ஒரு ஃபைலை வாங்கி முன்னால் பிடித்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? கத்தினேன்.

“பசியே இல்லாத ஊர்ல எதுக்குடா சோறு போடறீங்க? காஞ்ச எலையில சோறு வெக்கற கை என்னோட கை இல்லீடா! என்ற கையைத் திருப்பிக் குடு!”

நிவாஸ் கத்தவில்லை. லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டே சொன்னான்: “கையெல்லாம் காப்பி பண்ணியாச்சுங்ணா. அது எங்ககிட்டயே இருக்கும். நீங்க நாளைல இருந்து வர வேண்டாமுங்ணா.”

வேலையை விட்டு அனுப்பும்போதும் அந்த ‘ங்ணா’. அதுதான் அறைந்த மாதிரி இருந்தது.

அந்தப் பிறந்த நாளுக்கு நான் வெள்ளகோவிலில் இருந்தேன். தாரணி காலண்டரைக் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வருஷம் சஞ்சய் நண்பன் வீட்டில் அந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். “அப்பா, அதுல உங்க கைதானுங்கப்பா சோறு போடுது! தழும்புகூட அப்புடியே இருக்குது!” இலை நனைந்திருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றான். யார் யாரோ வீட்டில், என்னைக் கேட்காமல், என் கை காய்ந்த இலையில் சோறு வைத்துக்கொண்டிருக்கிறது. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நான் குரலை உயர்த்தினால் போதும், “அம்மா, தண்ணிச் சொம்பை எடுத்து உள்ள வைங்க!” என்று சஞ்சய் கத்துகிறான். சந்தன நிற பேன்ட்டில் யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் உங்கள் அம்மா என் கைக்கு எட்டாத இடத்தில் டம்ளரை வைக்கிறாள். சிரியுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் வேலை போன அன்று மத்தியானம் நடந்தது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. நீங்கள் பள்ளிக்கூடத்தில், அவள் வேலையில். வீட்டைத் திறந்து உள்ளே வந்தேன். பையில் அந்த நுனி இலை வாடிப்போய் இருந்தது. அடுப்படியில் விரித்தேன். தண்ணீர் தெளித்து நன்றாகத் துடைத்தேன். காலையில் மிஞ்சிய அரிசிப் பருப்புச் சோற்றைக் கரண்டியில் அள்ளி வைத்தேன். இடது கையை இலைக்கு மேலே நீட்டி, சத்தமாகவே “போதுங்க” என்றேன். வலது கை இன்னும் கொஞ்சம் வைத்தது. கரண்டியைக் கீழே போடாமல் இலைமேல் கவிழ்ந்து, “போதுங்க” என்றேன்.

என் கை நின்றுவிட்டது.

பிறகு சாப்பிட்டு, இலையை என் பக்கமாக மடித்தேன்.