சிவப்புப் புள்ளி காட்டிய வாசல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை அல்லவா. இது பாசத்தில் எழுதும் கடிதம் அல்ல, புகார்க் கடிதம். ஆகவே கவனமாகப் படிக்கவும்.

போன மாதம் உன்னிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "வீடு மாறிட்டேன்" என்று ஒரு வரி, கீழே விலாசம், அதற்கும் கீழே சின்னதாய் ஒரு வரைபடத்தில் சிவப்புப் புள்ளி. "அப்பா" என்ற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். இல்லை. போகட்டும். நில அளவை ஆபீஸில் கிடைத்த உத்தியோகத்தை விட்டுவிட்டு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது, "இனிமே இந்த கேட்டைத் தாண்டி உள்ள வராதே" என்று சொன்னவன் நான்தான். சொன்ன வாயால் எப்படிக் கூப்பிடுவது? அதனால் நானே வந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லையே.

உன் அம்மாவிடம் முட்டி டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அதில் பொய்யில்லை, போனேன். இரண்டு பஸ் மாறி, ஊரின் அந்தக் கோடிக்குப் போய், முட்டியைக் காட்டினேன். வயதாகிவிட்டது என்பதை அவர் மூன்று மாத்திரைகளாக எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஒரு வாடகைக் கார் பிடித்தேன். கையில் ஒரு பை, பைக்குள் உனக்காக வாங்கிய பெரிய துண்டு. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறவளுக்கு வேறென்ன வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். புதரில் புதைந்துபோன எல்லைக்கல்லைக் காலால் தடவியே கண்டுபிடித்தவன். யாரிடமும் வழி கேட்டுப் பழக்கமில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. சிவப்புப் புள்ளியைத் தொட்டேன், 'செல்' என்பதை அழுத்தினேன், போனை டிரைவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன்.

போனுக்குள் இருந்த பெண் இடது என்றாள், வலது என்றாள், பள்ளிக்கூடம் விடும் நேரமாகப் பார்த்துப் பள்ளிக்கூட வாசலுக்கே கூட்டிக்கொண்டு போனாள், அங்கிருந்து தப்பினால் லாரி மூட்டை இறக்கும் சந்து, அதற்கப்புறம் ஒரு வெல்டிங் பட்டறையின் கொல்லைப்புறம். "சார், இந்தம்மா சொல்றபடி போனா செவுத்துக்குள்ளதான் போகணும்" என்றார் டிரைவர். "சொல்றபடி போங்க, அவங்களுக்குத் தெரியும்" என்றேன். நான் எங்கே ரோட்டைப் பார்த்தேன்? உன்னிடம் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். 'இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன்' என்று சொல்லலாம், நீ நம்ப மாட்டாய். 'ரெண்டு வருஷமா ஒரு போன் கூட இல்ல' என்று ஆரம்பித்தால் மறுபடியும் சண்டை. 'இளைச்சிட்டியே' என்பதுதான் கடைசியில் சரியாகப் பட்டது. நீ குண்டாகியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நடுவில் தலை நிமிர்ந்தால் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தையல்காரர், காது கிழிந்த ஒரு நாய். "என் பொண்ணு இருக்கிற ஏரியாவும் எங்க ஏரியா மாதிரியே இருக்குது" என்று டிரைவரிடம் பெருமையாகவே சொன்னேன். அந்த நாய் வாலாட்டியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றாள் அந்தப் பெண். வண்டி நின்றது நம் வீட்டுக்கு எதிரே, மின்கம்பத்தடியில்.

உன் அம்மா வாளியோடு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டிரைவர் சும்மா இருந்திருக்கலாம். தலையை வெளியே நீட்டி, "அம்மா, சாரோட பொண்ணு வீடு இதுதானே?" என்று கேட்டுவிட்டார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"இதுதான். பொண்ணுதான் இல்ல."

உள்ளே வந்ததும் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "முட்டிக்கு டாக்டர் துண்டு குடுத்தாரா?" என்றாள்.

என் புகார் இதுதான். எழுதியிருக்கும் விலாசம் ஓரிடம், அழுத்தினால் போய்ச் சேருவது வேறிடம். உன் சித்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு உன் அம்மா போனில் நம் விலாசத்துக்கு மாத்திரை ஆர்டர் செய்தபோதும் இதே கதை, மாத்திரை சித்தி வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. இப்படிப்பட்ட வஸ்துவை நம்பி இனி நான் கிளம்புவதாக இல்லை. துண்டை பீரோவில் வைத்துவிட்டேன். தப்பான இடத்தில் போய் இறங்கி நிற்கும் தெம்பு இந்த வயதில் எனக்கு இல்லை. நீயும் சிரமப்பட வேண்டாம். இருக்கிறபடியே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஈரத் தலையோடு காற்றில் நிற்காதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இரு.

இப்படிக்கு,
அப்பா
(சர்வேயர், ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அம்மா இதை வாங்கிப் படித்தாள். "மாத்திரை ஏன் சித்தி வீட்டுக்குப் போச்சு? நான் அங்க உக்காந்து ஆர்டர் பண்ணினேன், அதனால போச்சு. இவளும் எங்க நின்னு அனுப்பினாளோ அங்கதான் புள்ளி விழுந்திருக்கு" என்றாள். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மின்கம்பத்திலிருந்து நம் கேட் வரைக்கும் இருபத்தேழு அடி. உன் செய்தியில் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து நாற்பது என்று இருக்கிறது. அந்நேரம் நான் முன்னறையில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்திருப்பேன். என் பின்மண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய். நான் சொன்ன சொல்லை ஒரு அடி கூட மீறாமல் நின்றிருக்கிறாய் அம்மா. கல்லைத் தப்பான இடத்தில் நட்டவன் நான். மேலே எழுதியதில் முட்டி வலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படி. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இரண்டு வருஷமாகவே இருக்கிறது. நாற்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை கேட்டைக் கழற்றிப் பெயிண்ட் அடிக்க அனுப்புகிறேன். பத்து நாள் ஆகுமாம். அதுவரை வாசலில் கேட் இருக்காது. பத்து நாள் போதாது என்றால் சொல், இரண்டாவது கோட்டும் அடிக்கச் சொல்கிறேன்.