குளிரே தெரியாத ஆள்

அவர் சட்டையின் மூன்றாவது பொத்தான் மாட்டுவேனா என்றது. உள்ளே இரண்டு பனியன், அதற்கு மேல் மனைவியின் ஸ்வெட்டர்.

“மூச்சு விடாதீங்க” என்று மனைவி இழுத்துப் பிடித்து மாட்டினாள்.

“எவ்வளவு நேரத்துக்கு?”

“வேலை கிடைக்கிற வரைக்கும்.”

வேலை போய் எட்டு மாதம். இன்று மீன் குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. ஃபேனை இரண்டில் வைத்தாலே போர்வை தேடுகிறவர் என்பதால் வீட்டில் அவருக்குக் கம்பளிப்பூச்சி என்று பெயர். “அங்க போய் நடுங்கினீங்கன்னு வைங்க மாமா, அப்படியே திருப்பி அனுப்பிடுவான்” என்று மச்சினன் வேறு பயமுறுத்தியிருந்தான்.

வெளியே எதிர்வீடே தெரியாத மூடுபனி. பஸ்ஸைக் காணோம். வேகமாக நடந்தார். காற்றே அசையாத அந்த ஈரத்தில் வேர்வைக்குப் போக்கிடம் இல்லை. இரண்டு பனியனும் பங்கு போட்டுக் குடித்தன. பாதி வழியில் சுவரோரம் ஒதுங்கி ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்தார்.

“அப்பாடா!”

அந்த அப்பாடா ஐந்து நிமிடம் தாங்கியது. பிறகு பனி சட்டையில் குடியேறியது. உள்ளே வேர்வை, வெளியே பனி, நடுவே கம்பளிப்பூச்சி.

கிடங்கு வாசலில் காவலாளி ஏற இறங்கப் பார்த்தார். “உடம்பு சரியில்லையா சார்?”

“சேச்சே! எனக்குக் கு… குளிரே தெரியாது.”

காவலாளி தன் பிளாஸ்டிக் மழைக்கோட்டைக் கொடுத்தார். கூப்பிடும் வரை அரை மணி நேரம், அது உள்ளே இருந்த ஈரத்தில் ஒரு சொட்டுகூட வெளியே போகாமல் பத்திரமாகக் காத்தது. கழற்றியபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே குளிர் அறைக்குள் அழைத்துப் போனார்.

“குளிருதா?”

“இல்ல சார்.” முழங்கால்கள் ஒன்றையொன்று குசலம் விசாரித்துக்கொண்டன.

“நிஜமாவா?”

பல் கிட்டிவிட்டது. மேனேஜர் எதையோ குறித்துக்கொண்டு, “வெளியில இருங்க” என்றார்.

அவர் இருக்கவில்லை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ஸ்வெட்டரைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி தெருவில் இறங்கினார்.

காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். “எங்க சார் கிளம்பிட்டீங்க? நாளைக்கே வேலைக்கு வரச் சொல்றாங்க!”

“என்னையா? நான்தான் அந்த நடுங்கு நடுங்கினேனே!”

“அதனாலதான் சார். போன சூப்பர்வைசரும் குளிரே தெரியாதுன்னுதான் சொன்னார். பாவம், அவர் சொன்னது நிஜம். மீன் நாறினப்புறம்தான் கூலிங் மெஷின் நின்னதே அவருக்குத் தெரிஞ்சுது.”