விளக்கு அணைந்த பின் ஓடிய பாடம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. தாங்களும் மகன், மருமகள், பேத்தி அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம். நலம் என்றால், உங்கள் தங்கை மூன்று வாரமாக என்னிடம் டீ வேண்டுமா என்பதைக்கூட டம்ளரைத் தூக்கிக் காட்டித்தான் கேட்கிறாள், அதைத் தவிர நலம். நேரில் வந்து சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். இரண்டு முறை உங்கள் தெருமுனை வரை வந்தேன். இரண்டு முறையும் அங்கே இருக்கிற சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். டயர் இப்போது கல் மாதிரி இருக்கிறது.

எங்கள் பள்ளியில் இந்த வருடம் வகுப்பைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது உங்களுக்குத் தெரியும். பாடத்தை ஆசிரியர் வீட்டிலிருந்தே வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், பிள்ளைகள் அதை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி எழுதிக்கொண்டு வர வேண்டும், முன்பு வீட்டில் செய்த கணக்கையெல்லாம் வகுப்பில் கூட்டாக உட்கார்ந்து செய்ய வேண்டும். இத்தனை வருடம் சாக்பீஸும் கையுமாக அறிவியல் நடத்தியவனை போன் முன்னால் நிற்க வைத்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது யார் வந்தார்? நீங்கள்தான் வந்தீர்கள். லிப்ட் பழுது பார்த்தே காலம் தள்ளிய கை சும்மா இருக்குமா என்று சொல்லி, எங்கள் படுக்கையறை மூலையில் ஒரு விளக்கை மாட்டி, பழைய திரைச்சீலையைப் பின்னால் தொங்கவிட்டு, போனை நிற்க வைக்கத் தாங்கி செய்து, ஒரு ஞாயிறு முழுவதும் முட்டிவலியோடு ஸ்டூலில் ஏறி இறங்கினீர்கள். நான் அழுத்தம் பற்றிய பாடத்தை நடத்தினேன். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டுவிட்டு, நல்லா இருக்கு மாப்ள என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

இனிமேல்தான் வெட்கக்கேடு. நீங்கள் போனதும் விளக்கை அணைத்தேன். விளக்கை அணைத்தால் போனும் பதிவு செய்வதை நிறுத்திவிடும் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள், எட்டாம் வகுப்புக்கு மின்சாரம் நடத்துகிறவன் நான். அண்ணனுக்கு நன்றி சொன்னீங்களா என்று உங்கள் தங்கை கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும், என் வகுப்பிலேயே படிக்கிற பேத்தியோடு உட்கார்ந்து நீங்களே கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் நான் சொன்னதற்கு மேல் யாரும் கூட்டிக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, கை கூச எழுதுகிறேன். "அவரு வீட்டுல அவரு பேச்ச ஒருத்தரும் கேக்கறதில்ல. அதான் ஞாயித்துக்கிழமையானா இங்க வந்து உக்காந்துடறாரு. சோபாவே பள்ளமாப் போச்சு." அதோடு விட்டேனா? "நான் லிப்டு பாத்த காலத்துல" என்று நீங்கள் ஆரம்பிப்பதை மூக்கால் பேசி நடித்தும் காட்டினேன். உங்கள் தங்கை அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை டொங்கென்று வைத்தாள். அந்தச் சத்தமும் பதிவில் இருக்கிறது. என் முகத்தை நானே திரையில் பார்க்கச் சகிக்காமல், வீடியோவைத் திரும்பப் பார்க்காமலே அப்படியே வகுப்புக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தபோது எல்லோரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதுவே சரியில்லை. பாடத்தைப் பார்த்தீர்களா என்றேன். ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். என் ஆசிரிய வாழ்க்கையில் இப்படியொரு காட்சியை நான் கண்டதில்லை, பெருமையில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கே கேள்விகளைச் சொல்லுங்கள் என்றேன். கடைசி வரிசையில் இருக்கிற உயரமான பெண் எழுந்து, "சார், மச்சான் உக்காந்தா சோபா பள்ளமாகுதே, அதுக்குக் காரணம் அவரோட எடையா, இல்ல ஒரே எடத்துல உக்கார்றதா?" என்று கேட்டாள். எந்த மச்சான் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. வகுப்பே மூக்கால் பேசிக் காட்டியது. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. நான் முகத்தில் ஈயாடாமல் நின்றுகொண்டிருக்க, அவர்களே குழு குழுவாக உட்கார்ந்து சோபாவைப் போர்டில் வரைந்தார்கள். விசையைப் பரப்பால் வகுத்தார்கள். மச்சான் காலை நீட்டிப் படுத்தால் பரப்பு கூடும், அழுத்தம் குறையும், பள்ளம் விழாது என்று முடிவு கட்டினார்கள். அத்தனையும் சரியான விடை, மச்சான். எத்தனையோ வருடம் ஆணியையும் கத்தியையும் காட்டி நடத்தியும் மண்டையில் ஏறாத பாடம் உங்களை வைத்து ஏறிவிட்டது. அதைச் சொல்லவும் கூசுகிறது.

உங்கள் பேத்தி முதல் பெஞ்சில் இருந்தாள். அவள் வரையவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வீட்டில் என்னைச் சின்னத் தாத்தா என்று தோளில் தொங்குகிற பிள்ளை. நீ வீடியோ பார்த்தாயா என்று கேட்டுத் தொலைத்தேன். நானும் தாத்தாவும் சேர்ந்துதான் பார்த்தோம் என்றாள். பிறகு அவளாகவே எழுந்தாள். எல்லோரும் ஒரு கேள்வி கொண்டு வர வேண்டும் என்பது நான் போட்ட சட்டம், அவளும் கொண்டு வந்திருந்தாள்.

"சார், தாத்தா இனிமே உங்க வீட்டுக்கு வரலாமா, வரக் கூடாதா?"

மூக்கால் பேசிய பிள்ளைகள்கூடக் குனிந்துகொண்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நேரமாகிவிட்டது, அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றேன். மணி அடிக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

இது போதாதென்று மறுநாள் தலைமையாசிரியை என்னை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். யார் எந்த வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று அவருடைய கணினி காட்டுமாம். மற்றவர்களின் பாடங்களைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற பிள்ளைகள், என் பாடத்தை மட்டும் கடைசி நொடி வரை பார்த்திருக்கிறார்களாம், பலர் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்களாம். பிள்ளைகளைக் கட்டிப்போடுகிற முடிவுரை என்றார். விஷயம் தெரிந்த ஓவிய ஆசிரியர் மட்டும், இருட்டாக இருந்தாலும் கருத்து வெளிச்சமாக இருந்தது என்று என் தோளைத் தட்டினார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் அதைப் போட்டுக் காட்டப் போவதாகத் தலைமையாசிரியை சொன்ன பிறகுதான், அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அந்தப் பதிவு முழுவதையும் என் எதிரிலேயே போட்டுக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, உங்க மச்சான் பாவம் சார் என்றார். அவ்வளவுதான். வீடியோவை எடுத்துவிட்டார்கள். ஆனால் கேட்ட காதுகளிலிருந்து அதை எப்படி எடுப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. போன ஞாயிறும் உங்கள் தங்கை இரண்டு டம்ளர் போதும் என்று தெரிந்தும் மூன்று டம்ளரில் டீ ஊற்றி, மூன்றாவதை என் கண்ணெதிரே ஆறவிட்டாள். சோபாப் பள்ளத்தில் நான் உட்கார்ந்து பார்த்தேன். அது எனக்குச் சரியாக அமையவில்லை மச்சான், ஒரு பக்கமாகச் சாய்கிறது. உங்கள் வீட்டில் உங்கள் பேச்சைக் கேட்கிறார்களோ இல்லையோ, இந்த வீட்டில் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். லிப்ட் கயிறு அறுந்த கதை எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். நன்றி சொல்ல வேண்டிய வாயால் அப்படிப் பேசியதற்கு எனக்கு அவமானமாக இருக்கிறது. என்னைத் திட்டுங்கள், பேசாமல் இருங்கள், ஆனால் வராமல் இருக்காதீர்கள்.

மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். பேத்தி நன்றாகப் படித்து, என்னைவிட நல்ல ஆசிரியர்கள் கையில் வளர வேண்டும் என்று வாழ்த்துகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்க்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கப் போவதில்லை மச்சான். ஆனாலும் எழுத ஆரம்பித்ததை முடிக்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. உறையில் போட்டு ஒட்டப் போனபோது வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் நீங்கள், தோளில் ஒரு இரும்பு ஸ்டாண்டு, பின்னால் பேத்தி. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே தலையைக் குனிந்துகொண்டு, "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றதுன்னுதான் வரல மாப்ள. நான் கெளம்பினப்புறம் நான் மாட்டின லைட்டு அணைஞ்சு, உங்க பாடத்தோட கடைசியே இருட்டாப் போச்சே" என்றீர்கள். பேத்தி காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்தாளாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் காதில் விழாமல் வெறும் இருட்டைப் பார்த்தீர்களாம். மூன்று ஞாயிறும் உட்கார்ந்து, விளக்கும் பதிவும் ஒரே சுவிட்சில் நிற்கிற மாதிரி புதிதாக ஒன்று செய்திருக்கிறீர்கள். நான் செய்ததற்கு நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

இப்போது நீங்கள் ஸ்டூலில் ஏறி நிற்கிறீர்கள். பேத்தி மட்டும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். என் கையிலிருந்த உறையில் உங்கள் பெயருக்குப் பதிலாக மச்சான் அவர்களுக்கு என்று இருந்ததைப் படித்துவிட்டு, தாத்தாவுக்கு எதுவும் தெரியாது, குடுக்க வேண்டாம் சார் என்று மெல்லிய குரலில் சொல்லித் தலையை ஆட்டினாள். இங்கே ஏனம்மா சார் என்கிறாய் என்றேன்.

"நீங்க இன்னும் பதில் சொல்லலியே."

ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய், அவள் காதில் விழுகிற மாதிரி, அடுத்த ஞாயிறும் வந்துடுங்க மச்சான், நீங்க இல்லாம எங்களுக்கு அந்தச் சோபாவுல உக்காரத் தெரியல என்றேன். இதற்கென்ன அழைப்பு என்பது போலத் திரும்பிப் பார்த்தீர்கள். பேத்தி செருப்பைக் கழற்றினாள். உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து, டீ வேணுமா என்று வாயைத் திறந்து கேட்டாள்.

முடிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுத் தரை சமமாக இல்லையாம், ஸ்டாண்டு ஆடுகிறதாம். ஒரு காலுக்கு முட்டுக் கொடுக்க, கையிலிருக்கிற அந்தத் தாளை நாலாக மடித்துக் கொடுங்கள் மாப்ள என்று கேட்கிறீர்கள். மடித்துக் கொடுக்கிறேன்.